கள்ளன் வேடக்காரி

குருநகர் பெர்னடெட்டுக்குக் கூத்தென்றால் சோறு தண்ணி வேண்டாம். கோயில் பெருநாள் கூத்தோ வீதி நாடகமோ, கள்ளன் வேடம் அவளுக்குத்தான். அந்த முழியும் பதுங்கலும் வேறு யாருக்கு வரும்!

யாழ்ப்பாணத்தில் உரிமை அமைப்பொன்றை நடத்தும் கோகுலன் அவளைத் தேடி வந்ததும் அதற்காகவே. போனுக்குள் இருக்கும் சொந்தச் சங்கதிகளைப் பறிகொடுக்காதீர்கள் என்று கரையோரச் சனத்துக்கு நாடகம் போட வேண்டுமாம். செலவு ஒரு கம்பனியுடையது. எந்தக் கம்பனி? காற்றும் கடலும் எப்படியென்று போனில் சொல்லும் அப் ஒன்றை மீனவருக்குச் சும்மா கொடுத்ததே, அதே கம்பனிதான்.

அந்த அப்பை நினைத்தாலே பெர்னடெட்டுக்கு வயிறு எரியும். அவள் கணவன் லெனாட் கடலுக்கடியில் மீன் அடையும் ஒரு கல்லுப்பாரில், தான் மட்டும் அறிந்த பாறைத்திட்டில், வலை போடுவான். கரையில் யாராவது கேட்டால் கிழக்கே பிடித்ததை மேற்கே பிடித்ததாகச் சொல்வான்; குருநகரில் எவர்தான் உண்மை சொல்கிறார்? ஆனால் மடியில் செருகிய போனிலிருந்த அப் அவன் போன இடமெல்லாம் குறித்துவைத்தது. கம்பனி அதைப் பெரிய படகுக்காரருக்கு விற்றது. லெனாட்டின் பார் சிவப்புப் புள்ளியாக மின்னுவதை அவர்களில் ஒருவனே தன் போனில் லெனாட்டுக்குப் பெருமையாகக் காட்டினான். பெரிய படகுகள் அள்ளியதில் ஒரே மாதத்தில் அந்தப் பாரில் மீன் அற்றுப்போனது.

“தம்பி, இதையும் நாடகத்திலை சேப்பம்,” என்றாள் பெர்னடெட்.

கோகுலன் நெளிந்தான். “அக்கா, காசு தாற ஆக்களைப் பற்றியே எப்பிடிக் கதைக்கிறது? கள்ளன் ஆரெண்டு சொல்லாமல் விடுவம்.”

உரிமைக்குப் போராட வந்தவனின் வாயை எவ்வளவு நோகாமல் கட்டிவிட்டார்கள்!

நாடகத்தன்று கம்பனியிலிருந்து நீலச் சட்டைகள் வந்தன. முதுகில் பெரிய எழுத்தில் கம்பனிப் பெயர்.

“நடிக்கிற எல்லாரும் போடவேணுமாம்,” என்றான் கோகுலன்.

“கள்ளனுமோ?”

“ஓமக்கா, எல்லாரும்தான்,” என்றான், ஒலிவாங்கியைச் சரிபார்த்தபடி.

பெர்னடெட் கறுப்புப் போர்வையைக் கழற்றி எறிந்தாள். நீலச் சட்டையோடு பதுங்கிப் பதுங்கி வந்து, சனத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பாடமான வசனத்தைச் சொல் பிசகாமல் சொன்னாள்: “உந்தப் போனை ஒருக்காத் தாங்கோ. உங்கடை நன்மைக்குத்தான்!”

முன்வரிசையில் இருந்த கிழவர் பேதுரு துள்ளி எழும்பினார். “அட, உது எங்களுக்கு அப் தந்தவன்ரை சட்டையெல்லோ!”

சனம் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி எடுபடவில்லை. பிறகு சிரிப்பு அடங்கியது. ஆளாளுக்குப் போனை எடுத்து அந்த அப்பை அழித்தார்கள். கோகுலன் வெளிறிப்போனான்; எல்லாரும் சட்டை போடவேணும் என்றவனே அவன்தானே! அதற்குப் பிறகு கம்பனி நாடகத்துக்குக் காசு தரவில்லை.

லெனாட் இப்போது வேறொரு பார் கண்டிருக்கிறான். அப்பை அழித்தும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. போனையே வீட்டில் வைத்துவிட்டுத்தான் கடலுக்குப் போகிறான்.

“எஞ்சின் நிண்டால் என்ன செய்வியள்?” என்று பெர்னடெட் பயந்து கேட்டாள்.

“போன் வரமுந்தி என்ன செய்தனாங்கள்?” என்றான் அவன்.

காற்று எழும்பும் நாட்களில் அவள் கரையில் போய் நின்று கடலைப் பார்க்கிறாள். எந்தப் பக்கம் பார்ப்பதென்றுதான் தெரியவில்லை. பார் எங்கே என்று அவன் அவளிடமும் சொல்லவில்லை.