கதவைச் சாத்திக்கிட்டுக் கழுவு

எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலை பார்க்கும் பெண் ‘ரேடியோ’, சங்கச் செயலாளர் வீட்டில் குடித்துவிட்டு விழுந்து கிடந்தாள் என்ற சேதி, லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறியே ஏழாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. கீழ்த்தளத்தில் கால் பாட்டிலாக இருந்தது மேலே போகப் போக முழு பாட்டிலாகிவிட்டது. ஐந்தாம் மாடிக்காரர் சோடாவையும் பார்த்தாராம்.

எனக்கு நம்ப முடியவில்லை. ரேடியோ என்ற பெயர் அவருக்கு வாயால் வந்தது. காலையில் வாளியோடு உள்ளே நுழையும்போது ஆரம்பித்தால் மாலையில் கேட்டைத் தாண்டும்வரை ஒலிபரப்பு நிற்காது. அதில் பாதி நேரம் குடிகாரர்களுக்கான அர்ச்சனைதான். குடியை விட மாட்டேன் என்ற புருஷனைத் தலையணையோடு வெளியே அனுப்பியவர் அவர். "தலையணை எதுக்குக்கா?" என்று வாட்ச்மேன் கேட்டபோது, "விழுற எடத்துல தலை நோகக் கூடாதில்ல? கூட வாழ்ந்த பாவத்துக்கு அதையாவது செய்ய வேணாமா?" என்றாராம்.

அதனால் முதலில் வாட்ச்மேனைப் பிடித்தேன்.

"நான்தானே சார் தூக்கிட்டு வந்து ஆட்டோவுல ஏத்தினேன். குடிச்ச வாடை எனக்குத் தெரியாதா? எங்கண்ணன வாரத்துல பாதி நாள் நான்தான் தூக்குறேன். இது நீச்சல் குளத்துல மூஞ்சிய முக்கின மாதிரி வாடை. எனக்கே கண்ணெல்லாம் எரிஞ்சுது."

"அப்ப குடின்னு கிளப்பினது யாரு?"

"செயலாளர் சார்தான் வாட்ஸ்அப் குரூப்ல போட்டாரு. நான் சொன்னா எவன் கேப்பான்? என் வேலை கேட்டத் தொறந்து மூடறதுதானே."

ரேடியோ வீட்டில் ஓர் அறை, ஒரு ஜன்னல். ஜன்னலை ஒட்டியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். குரல், ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத கரகரப்பு.

இந்த வேலையில் பாட்டிலில் வரும் எல்லாவற்றுக்கும் 'மருந்து' என்றுதான் பெயர். தரை வெளுக்க வெள்ளை மருந்து, உப்புக்கறை எடுக்க மஞ்ச மருந்து. வெள்ளை என்பது ப்ளீச். மஞ்சள் என்பது ஆசிட். மருந்து என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் யாருக்குப் பயம் வரும்?

"எப்பவும் ஒண்ண ஊத்தித் தேச்சு, தண்ணி விட்டுட்டுத்தான் சார் இன்னொண்ணு ஊத்துவேன். தெரிஞ்சு ஒண்ணும் இல்ல. ஒரே பிரஷ்தானே இருக்கு!" சிரிக்கப் போய் இருமினார். "அன்னிக்கு அவங்க சம்பந்தி வீட்டுக்காரங்க மொத தடவையா வராங்க. செயலாளர் வீட்டம்மாவுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. 'ரெண்டு மருந்தையும் ஒண்ணா ஊத்துடி, டபுளா கேக்கும்'னாங்க. 'வாடை வரும்மா'ன்னேன். 'கதவைச் சாத்திக்கிட்டுக் கழுவு, ஹாலுக்கு வரக் கூடாது'ன்னாங்க."

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். காற்றை வெளியேற்றும் விசிறி சத்தம் போடும் என்று அதையும் நிறுத்தியிருந்தார்கள்.

"குபுகுபுன்னு நுரைச்சுது. பச்சையும் மஞ்சளுமா ஒரு புகை. தொண்டைய யாரோ உள்ளயிருந்து புடிச்ச மாதிரி ஆயிடுச்சு. கத்தறேன், சத்தமே வரல. நான் சார்! எனக்கு! சத்தம் வரல!"

எப்படியோ தாழ்ப்பாளைத் தட்டித் திறந்து, கண் சிவந்து, தள்ளாடி, வாசல் மிதியடியில் வாந்தியெடுத்து விழுந்திருக்கிறார். அதே நேரம் சம்பந்தி அம்மாள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "ஐயையோ, என்னாச்சு இவளுக்கு?" செயலாளருக்கு நொடியில் பதில் வந்தது: "குடிச்சிருப்பா போல."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆக்சிஜன் வைத்துவிட்டு விளக்கினாராம். அந்த ரெண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. ஒரு காலத்தில் போரில் ஆட்களைக் கொல்ல இதைத்தான் விட்டார்கள். போர்க்களத்தில் காற்று திசை மாறினாலாவது தப்பிக்கலாம். குளியலறையில் அதற்கும் வழி இல்லை.

நுரையீரல் தேறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரேடியோவின் கவலை அதுவல்ல. அவருடைய மருமகன் எங்கள் குடியிருப்பில் ஒருவருக்குக் கார் ஓட்டுகிறார். முதலாளி அந்தக் குரூப் சேதியைச் சிரித்துக்கொண்டே காட்டியிருக்கிறார். அடுத்த மாதம் மகள் வேலைக்குப் போகும்போது பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் ரேடியோதான் என்று பேச்சு. அன்று மகள் போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "அம்மா, நீயுமா?"

"டாக்டர் சீட்டக் காட்டினேன் சார். மருமகன் பாக்கல. 'செயலாளர் சார் படிச்சவரு, அவரே போட்டிருக்காரு'ங்கறான். அவரே தப்புன்னு போட்டாத்தான் புள்ளைய விடுவானாம்."

செயலாளர் வீட்டுக்குப் போனேன். குளியலறை பளபளவென்று இருந்தது. மூலையில் அதே ரெண்டு பாட்டில்கள். எடுத்துப் பார்த்தேன். 'வேறு எதனுடனும் கலக்கக் கூடாது' என்று எறும்பு வரிசையாக அச்சடித்திருந்தார்கள்.

"நாங்க என்ன வேணும்னா செஞ்சோம்?" என்றார் செயலாளரின் மனைவி. "ரெண்டும் சுத்தம் பண்றதுதானே? ரெண்டு சுத்தம் சேந்தா அதிக சுத்தம்னு நெனச்சேன்."

"அது சரிம்மா. குடின்னு ஏன் சொன்னாரு?"

செயலாளர் கண்ணாடியைத் துடைத்தார். "சம்பந்தி எதிர்ல நின்னுட்டிருக்காங்க சார். எங்க வீட்டுல விஷவாயுன்னா சொல்ல முடியும்?"

"அவங்கதான் சாப்பிட்டுக் கிளம்பிட்டாங்களே. இப்ப சொல்லலாமில்ல?"

"கண்டிப்பா. குரூப்ல ஒரு வரி போட்டுடறேன். இது என் கடமை சார்."

அதற்குப் பிறகு குரூப்பில் தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பு வந்தது. காரை ஒழுங்காக நிறுத்தும்படி ஒரு கண்டிப்பு வந்தது. தினமும் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் வருகிறது. 'பணியாளர்கள் நிதானத்துடன் வேலைக்கு வரவேண்டும்' என்றுகூட ஒரு வரி வந்தது.

நேற்று லிஃப்டில் செயலாளரே பேச்சை எடுத்தார். "மறக்கல சார். யாரு மனசும் நோகாம எழுதணுமில்ல? வார்த்தைதான் அமைய மாட்டேங்குது."

அவருக்கு வார்த்தை அமையும்வரை, ரேடியோவின் மகள் பக்கத்துத் தெருக் காப்பகத்தில் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள்.