நிழலை விற்ற ராணியும் பக்கத்து அறைக் கொலையும்

பெங்களூரில் நான் முதலில் தடுமாறி விழுந்தது ஒரு சின்னச் சொல்லில். நெரிசலான பேருந்தில் ஒரு பெண்ணின் முந்தானை என் பையின் ஜிப்பில் மாட்டிக்கொண்டது. இறங்கும் அவசரத்தில் அவர் "பிடி, பிடி" என்றார். நானும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் குரல் உயர உயர என் பிடி இறுகியது. கன்னடத்தில் அதற்கு "விடுங்கள்" என்று பொருள் என யாரோ சொல்வதற்குள் அவருடைய நிறுத்தம் போய்விட்டது. அந்தப் பையில் இருந்தது நடைபாதையில் வாங்கிய ஒரு தடித்த ஆங்கில மாயாஜால நாவல். மலைக்குள் ஒரு நகரம், அதன் மொழி தெரியாதவர்களுக்குத் திறக்காத கதவுகள், பஞ்சத்தில் தன் நிழலையே விற்றுவிட்ட ஒரு ராணி. அந்த நகரத்துக்குள் நுழையத் தவிக்கும் பெண் நான்தான் என்று தோன்றியது. சாப்பிடும்போதும் படித்தேன், கடையில் வரிசையில் நின்றபோதும் படித்தேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. திண்டுக்கல்லில் இருந்து வந்து, அமெரிக்க மருத்துவர்கள் பேசிப் பதிவுசெய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலையில் சேர்ந்திருந்தேன். ஜீவனஹள்ளியில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றின் முன்னறை எனக்கு வாடகைக்கு. பின்பக்கத்தில் வீட்டுக்காரி செல்வி அக்கா. அவருடைய தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைக்கிற வேலை. சுவரில் ஒரு புத்தர் படம், அதன் கீழே தையல் மிஷின். தமிழ் எழுத்து தெரியாது, கன்னடப் பள்ளியில் படித்தவர். ஆனால் கதை என்றால் உயிர்.

"அப்டி இன்னாம்மா இருக்குது அதுல, நீயா சிரிக்கிற?" என்று ஒரு மாலை கேட்டார். ராணியைப் பற்றிச் சொன்னேன். "சும்னே ரீல் வுடறான்" என்றார். மறுநாள் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, "அந்தப் பொண்ணு மலைக்குள்ள பூந்தாளா இல்லியா?" என்று வந்து நின்றார். அன்றிலிருந்து தினமும் மாலையில் கதை. அவர் வெங்காயம் உரிப்பார், நான் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்வேன். படிப்பதைவிடச் சொல்வதில் எனக்குப் பரபரப்பு கூடியது. அடுத்த அத்தியாயத்தை அலுவலகத்தில் திருட்டுத்தனமாகப் படித்து வைத்துக்கொள்வேன்.

ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு முறை, மாநில எல்லையைத் தாண்டி அத்திபெலேயில் பேருந்து நின்றபோது தமிழ் மாத நாவல் ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்திலேயே லாட்ஜ் அறையில் ஒரு பெண் கொல்லப்படுகிறாள். வரிக்கு வரி ரத்தம். பக்கத்து அறைக்காரர்கள் அலறலைக் கேட்டு டிவி சத்தத்தைக் கூட்டியிருக்கிறார்கள். கொலைகாரன் யார் என்பதிலேயே என் புத்தி நின்றது. ஒரே மூச்சில் முடித்து, கண்கள் பளபளக்க அக்காவிடம் முழுவதையும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அத்தினி ரூம்புல இருந்தவங்களும் கேட்டாங்கல்ல? ஒருத்தி போயி கதவத் தட்டியிருந்தா அஞ்சாவது பக்கத்துலயே கதை முடிஞ்சிருக்கும்."

"அப்புறம் புக் எப்படிக்கா விக்கும்?"

"விக்காட்டி போவுது. அந்தப் பொண்ணு வூடு போய்ச் சேந்திருப்பா இல்ல."

இறந்த பெண்ணின் பெயர்கூட எனக்கு நினைவில் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம், பக்கத்து வீட்டிலிருந்து கௌரியின் அலறல் கேட்டது. மண்டியா பக்கத்திலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். அடி விழும் சத்தம் சுவர் தாண்டி வந்தது. வரிசையில் எந்த வீட்டிலோ டிவி சத்தம் கூடியது. அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "வா" என்றார்.

அவர் கதவைத் தட்டினார், நானும் சேர்ந்து இரண்டு கைகளாலும் தட்டினேன். திறந்த கணவன், "இது நம் மனெ விஷய, நீவு ஹோகி" என்றான். எங்கள் வீட்டு விஷயம், நீங்கள் போங்கள். நான் நகரவில்லை. அக்கா அவனைப் பார்க்கவே இல்லை. அவன் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்து, "கௌரி, கதெ கேளோகெ பாம்மா" என்றார், தினமும் கூப்பிடுகிறவர் போல. கதை கேட்க வா என்ற அழைப்பை எப்படி மறுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கௌரி அவனைத் தாண்டி வெளியே வந்துவிட்டாள்.

வீங்கிய கன்னத்தோடு எங்கள் தரையில் உட்கார்ந்தாள். கூப்பிட்டுவிட்டோம், கதை சொல்ல வேண்டுமே. என் ஓட்டைக் கன்னடத்தில் ராணியைத் தொடங்கினேன். நிழலுக்கு "நெரளு" என்று சொல்ல வேண்டும். நான் "நரளு" என்றேன். அது முனகலைக் குறிக்கும் சொல். ராணி தன் வலி முனகலை விற்றுவிட்டாள் என்று சொல்லியிருக்கிறேன்.

கௌரி நிமிர்ந்தாள். "நரளாட்டானா? அதன்ன யாரு கொள்த்தாரெ?" அதை யார் வாங்குவார்கள் என்று கேட்டுவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவும் சிரித்து, பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டார். எந்த நாவலின் எந்தப் பக்கமும் என் நெஞ்சை அப்படி அடிக்க வைத்ததில்லை.

மறுநாள் கௌரியின் அண்ணன் வந்து அவளை அழைத்துப் போனான். சில மாதங்கள் கழித்துத் திரும்பியவள் கணவனிடம் போகவில்லை. அக்காவின் கார்மென்ட்ஸிலேயே வேலைக்குச் சேர்ந்து, அக்காவோடு தங்கிக்கொண்டாள். கதை கேட்க இரண்டு பேரானார்கள்.

அந்தப் பொங்கலுக்குத் திண்டுக்கல் போயிருந்தேன். அடுப்படியில் அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டில் ஒரு பெண் அலறினாள். சிறுவயதிலிருந்து நான் கேட்டு வளர்ந்த அலறல்தான். எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டேன். அம்மா வந்து மணிக்கட்டைப் பற்றினாள்.

"இது உன் பெங்களூரு இல்லடி. நீ நாளைக்கு பஸ் ஏறிருவ. நான் இவங்க மூஞ்சியிலதான் முழிக்கணும்."

பொய்யில்லை. மொழி அரைகுறையாகத் தெரிந்த ஊரில் தட்ட முடிந்த கதவு, ஒவ்வொரு சொல்லும் தெரிந்த ஊரில் தெருவின் மறுபக்கம் நின்றது. மறுபடியும் அலறல். அம்மா என் கையை விடவில்லை. ஆனால் இன்னொரு கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு படி இறங்கினாள்.

"பேசுறத நான் பேசிக்கிறேன். நீ இந்த ஊர்க்காரி மாதிரி நில்லு, போதும்."

தெருவின் நடுவில், எப்படி நிற்பதென்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை.