பிணை நின்றவர்

வீரர் என்ற சொல்லுக்கு அந்த நாட்களில் வன்னியில் பஞ்சமே இல்லை. சந்திக்குச் சந்தி பதாகையில் இருந்தது, ஒலிபெருக்கியில் இருந்தது, பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் இருந்தது. அந்தப் போட்டியில் நானும் ஒருமுறை இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறேன். இப்போது யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. சொல்பவர் மீது இல்லை, என் மீதுதான்.

முல்லைத்தீவுக் கரையை விட்டு இடம்பெயர்ந்து அக்கராயனுக்கு வந்தபோது எனக்குப் பதினான்கு வயது, தங்கச்சிக்கு ஒன்பது. அம்மா அதற்கு முன்னமே செத்துப்போனார். அப்பா கடல்தொழில் தவிர வேறொன்றும் அறியாதவர். வயல்வேலைக்குப் போய்க் கை கொப்பளித்துத் திரும்புவார். பக்கத்துக் கொட்டிலில், ஒரு கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையகத்திலிருந்து ஓடிவந்த புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. ஊரார் வயல்களில் கூலிவேலை செய்தார்கள். எங்கள் ஆட்கள் அவர்களை ஒரு படி கீழேதான் வைத்துப் பார்த்தார்கள். நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். ஆனால் எனக்கும் தங்கச்சிக்கும் பேன் பார்த்துத் தலை பின்னிவிட்டது அந்த அக்காதான்.

தங்கச்சிக்கு இதயத்தில் ஓட்டை இருந்தது. நாலு அடி நடந்தால் உதடு நீலம் பாரித்துவிடும். “கொழும்புக்குக் கொண்டுபோங்கோ. பிந்தினால் ஒண்டும் செய்ய ஏலாது” என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொல்லிவிட்டார். வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுக்க ஆள்பிணை வேண்டும். போனவர்கள் தவணைக்குள் திரும்பாவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்பா முதலில் போனது பெரியப்பாவிடம். பெரியப்பா எங்கள் மாதா கோயில் திருநாள் கூத்தில் வருசாவருசம் ராசா வேசம் கட்டுகிறவர். மரவாளை உருவிக்கொண்டு மேடைக்கு வந்தாரென்றால் முன்வரிசைச் சின்னப்பிள்ளைகள் அழத் தொடங்கிவிடும். அன்று அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: “உயிரைக் கேளடா, தாறன். கையெழுத்து மட்டும் கேளாதை.”

வேறு நாலைந்து பேரிடமும் கேட்டு அப்பா வெறுங்கையோடு வந்தார். அடுத்த நாள் காலையில் பக்கத்துக் கொட்டில்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: “அண்ணே, நான் நின்னா ஏத்துக்குவாங்களா?”

பாஸ் கொடுக்கும் இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவரிடம் விளக்கமாகவே சொன்னார். “மூண்டு மாசம். இவை வராட்டி நீங்கள்தான் பொறுப்பு. பிறகு உங்கட வீட்டில ஒருத்தருக்கும் பாஸ் இல்லை. விளங்குதோ?”

“வெளங்குதுங்க” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

திரும்பி வரும்போது அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “மூண்டு மாசத்தில வந்திடுவன் தம்பி. மாதாவாணை.”

“பிள்ளைய மொதல்ல பாருங்கண்ணே. வர்றதப் பத்தி இப்ப எதுக்கு?”

நாங்கள் திரும்பி வரமாட்டோம் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன்.

ஓமந்தை தாண்டி வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்குப் போனோம். ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. தங்கச்சியின் உதடு சிவந்ததைப் பார்த்து அப்பா ஆஸ்பத்திரி விறாந்தையில் குந்தியிருந்து அழுதார். தவணை முடிய ஒரு கிழமை இருக்கும்போது, “போகேல்லை” என்றார். வளர்கிற பெட்டையைத் திரும்பவும் ஷெல்லடிக்குள் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் பெட்டை நான். எனக்குச் சந்தோசமாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவரின் நினைவு எனக்கு வரவேயில்லை. இதை எழுதாமல் விட்டால் நான் எழுதுவதெல்லாம் பொய்.

அடுத்த வருசம், எங்கள் கரையைச் சேர்ந்த ஒரு மாமி பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்திருந்தா. அப்பா தேத்தண்ணி கொடுத்துவிட்டு ஊர்ப்புதினம் கேட்டார். மாமி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் அதைச் சொன்னா. அந்த அக்காவுக்கு வயிற்றில் கட்டி. வவுனியாவுக்குக் கொண்டுபோனால் வெட்டி எடுக்கலாம் என்று டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். பிணை நின்ற வீட்டுக்குப் பாஸ் இல்லை என்றுவிட்டார்கள்.

“அவை என்னை ஏமாத்திப்போட்டினம் எண்டு எழுதித் தா, யோசிப்பம் எண்டு புருசனிட்டைக் கேட்டவையாம்” என்றா மாமி. “எழுதினால் அங்க இருக்கிற உன்ர அண்ணனைக் கூப்பிட்டு விசாரிப்பினம் எண்டு அவருக்குத் தெரியும். எழுதேல்லை. புள்ளைக்கு இன்னும் சொகமாகல, வந்துருவாங்க எண்டுதான் கடைசிவரைக்கும் சொன்னவராம்.”

அக்கா இரண்டு மாதம் கிடந்து வலியில் துடித்துச் செத்துப்போனா. உண்மையை எழுதியிருந்தாலே போதும். நாங்கள் ஏமாற்றியது உண்மைதானே.

அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு, பாதர் இருக்கும் கோயில் அறைவீட்டுக்குப் போனார். செத்துப்போன ஒரு பெண்ணுக்குப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்றார்.

“பேர் என்ன?” என்று பாதர் பேனையைத் திறந்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். எங்களுக்கு அவ அக்கா, அப்பாவுக்குத் தங்கச்சி. ஒன்றரை வருசம் பக்கத்தில் இருந்தும் நாங்கள் கேட்டதில்லை.

“தெரியாது பாதர்” என்றார் அப்பா.

பாதர் ஏதோ எழுதினார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதை வாசித்தார்: “இறந்துபோன ஒரு பெண்ணின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.”

எனக்குப் பக்கத்தில் முழந்தாளில் நின்ற தங்கச்சி என் சட்டையை இழுத்துக் கேட்டாள்: “ஆரக்கா அது?”

அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. கன்னம் இரண்டும் நல்ல சிவப்பாக இருந்தன.

“ஆரோ” என்றேன்.