வேறொருவரின் கல்லறை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதம். திருச்சி தென்னூரில் எங்கள் வீட்டு மாடியறையில், எழுபதைத் தாண்டிய ஓர் அமெரிக்கப் பெண்மணி வந்து தங்கினார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

அமெரிக்கா இங்கிலாந்தின் கையில் இருந்தபோதே அங்கே குடியேறிய குடும்பம் அவருடையது. விடுதலைப் போரின்போது அந்த வீட்டு மகன் ஒருவன் மட்டும் ஆங்கிலேயரோடு சேர்ந்து, ஊரைவிட்டே போய்விட்டான். கடலில் மூழ்கி இறந்தான் என்கிறது, வீட்டாரின் பிறப்பு இறப்புகளை எழுதி வைக்கும் குடும்ப பைபிள். ஆங்கிலேயப் படையோடு இந்தியா வந்து திருச்சியில் இறந்தான் என்கிறது ஓர் உறவினர் எழுதிய வம்சாவளி. எது உண்மை என்று தேடத் தொடங்கியவர் இந்தம்மாவின் அண்ணன். அப்போது படுத்த படுக்கையாக இருந்தார். அவர் கண்ணை மூடுவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று இவர் கிளம்பி வந்திருந்தார்.

இங்குள்ள பழைய சர்ச் பதிவேட்டில் அதே பெயர் இருந்தது. ஆனால் இறக்கும்போது வயது இருபத்தைந்து. இவர்கள் வீட்டுப் பையனுக்கு அந்த வருடம் நாற்பதுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். எழுதியவர் தப்பாக எழுதியிருப்பார் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கல்லறையைப் பார்த்தாக வேண்டும் என்றார். ஸ்ரீரங்கம் கோயிலுக்குக் கூப்பிட்டதற்கும், "அதுக்கப்புறம்தான்" என்றார்.

கல்லறைத் தோட்டம் முழுக்கக் கருவேல முள். தினமும் வெயில் ஏறும்வரை தேடினோம். "எங்க கொள்ளுத்தாத்தா பேரே எனக்குத் தெரியாது. இவங்க தாத்தாவுக்காக நான் முள்ளு வெட்டுறேன்" என்று முணுமுணுத்தபடி என் கணவரும் அரிவாளோடு வந்தார். அந்தம்மாவின் கையெல்லாம் கீறல். போதும் என்றாலும் கேட்கவில்லை.

ஒருநாள், மூலையில் சாய்ந்து கிடந்த கல்லில் அந்தப் பெயர் தெரிந்தது. ஈரத்துணியால் மண்ணைத் துடைத்தார். வயது இருபத்தைந்தேதான். பிறந்தது இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமம். அவர் தேடியவர் இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இவருதான்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். அவர் கோபப்படவில்லை. எழுத்துக்குள் படிந்திருந்த மீதி மண்ணையும் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, கல்லைப் படம் பிடித்தார். எதற்கு என்று கேட்டேன்.

"இவரையும் யாராவது தேடிக்கிட்டிருப்பாங்க இல்லையா?"

அன்று மாலை அண்ணனுக்குப் போன் செய்து, திருச்சி இல்லை என்று மட்டும் சொன்னார். அப்படியானால் கப்பல் பதிவுகளைப் பார் என்றாராம் அவர். அண்ணன் இப்போது இல்லை. தங்கை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கிடைத்ததை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ளத் தோன்றும்போதெல்லாம், யாரோ ஒருவரின் கல்லை அத்தனை அக்கறையாகத் துடைத்த அந்தக் கீறல் விழுந்த கைகள் என்னைத் தடுத்து நிறுத்துகின்றன.