இருபத்திரண்டு பாகத்து மீன்

இனாஸ் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்ததை எத்தாளை ஊரில் யாரும் கண்டதில்லை. பாண் ரொட்டியைக்கூட நின்றபடியே கடித்துக்கொண்டு வாசலுக்கும் வேலிக்குமாக நடப்பான். இருபது வருடமாகக் கடலுக்கு அடியில் அலங்கார மீன் பிடிப்பவனுக்குத் தரை என்றாலே ஒரு சள்ளை. பிடிப்பது அவன், கொழும்பு வண்டி வரும்வரை வீட்டுக்குப் பின்னால் கண்ணாடித் தொட்டிகளில் வைத்து உயிர் காப்பது மனைவி மர்ஷூதா. அவளுடைய கைக்கு மீன் சாகாது என்று கற்பிட்டி வரைக்கும் கதை.

போன வருடம் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தான். இரத்தத்தில் காற்றுக் குமிழ் ஏறி இடப்பக்கம் முழுக்க மரத்துப்போயிற்று. கொழும்பில் அழுத்த அறைக்குள் அடைத்துத்தான் ஆளைத் திருப்பி எடுத்தார்கள். முழங்கை இன்றைக்கும் குத்தும். அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து மர்ஷூதா சத்தியம் வாங்கினாள். இனிப் பத்துப் பாகத்துக்கு, அதாவது அறுபது அடிக்கு, கீழே இறங்குவதில்லை. வல்லாஹி என்று அல்லாஹ்மேல் ஆணையிட்டுத்தான் கொடுத்தான்.

நேற்று அதைக் காற்றில் பறக்கவிட்டான்.

கொழும்பு முகவர் றிஸ்மின் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த மீன் அது. கிளிமீன் சாதியில் அபூர்வமானது, விரல் நீளம், மாதுளம் முத்தின் நிறம். இருபத்திரண்டு பாகத்தில், உடைந்த பவளக் கற்களுக்கு மேல்தான் திரியும். கச்சான் காற்று தொடங்கிவிட்டால் கடல் கலங்கிவிடும், பிறகு ஆறு மாதம் பேச்சில்லை. இனாஸுக்குப் பொறுக்கவில்லை. இறங்கினான், பிடித்தான். மர்ஷூதாவிடம், "மேட்டுப் பார்க் கல்லுலதான் ஈந்திச்சி, ஒம்பது பாகம்," என்று வாய் கூசாமல் சொன்னான். அவளும் தலையாட்டிவிட்டு, மேலே பாயாதபடி தொட்டியை வலையால் மூடினாள்.

இன்று விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடித்துவிட்டுத் தொட்டியடிக்குப் போய்க் குனிந்து பார்த்தான். கல்லிடுக்கில் மீன் அசையாமல் கிடந்தது. உடம்பைச் சுற்றி வழவழவென்று ஒரு சளி. செத்தால் இன்னொரு தரம் இறங்க வேண்டும். அந்த நினைப்பிலேயே முழங்கை குத்தியது. அவனுக்குப் பயமாக இருந்தது.

"மர்ஷூதா! ஓடி வாங்க! மீனுக்கு நோய் புடிச்சிட்டு. நல்ல தண்ணில கழுவணும், வாளியக் கொண்டு வாங்க!"

வாளியில்லாமல்தான் வந்தாள். டோர்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தாள்.

"கைய வைக்காதீங்க. இந்தச் சாதி படுக்கக்குள்ள போத்திக்கிற போர்வை இது. வெளிச்சம் வந்தா தானாக் கிழிச்சிட்டு வரும்."

அவன் பெருமூச்சு விட்டான். இருபது வருடம் மீன் பிடித்தும் மீன் தூங்குவதை அவன் பார்த்ததில்லை. மர்ஷூதா நிமிரவில்லை. டோர்ச் வெளிச்சம் மீனின் வெள்ளை அடிவயிற்றில் நின்றது. அங்கே சின்னதாய்ச் சிவப்புப் புள்ளி ஒன்று.

ஆழத்து மீனை மேலே கொண்டு வந்தால் வயிற்றுக் காற்று ஊதி மல்லாந்துவிடும். படகிலேயே ஊசியால் குத்திக் காற்றை எடுப்பார்கள். ஒன்பது பாகத்து மீனுக்கு ஊசி குத்துவாரில்லை. இது அவளுக்குத் தெரியும் என்பது இனாஸுக்கும் தெரியும். தானே கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்த மடத்தனத்தை நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எத்தின பாகம்?"

அவன் வேலியைப் பார்த்தான்.

"வல்லாஹி சொன்னீங்களே."

அப்போது போன் அடித்தது. றிஸ்மின், இனாஸை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுபவன். "நானா, சோக்கான மீனாம் எண்டு கேள்விப்பட்டன். ஜோடியா வேணும். இண்டைக்கே பொண்ணையும் புடிச்சிருங்க." வெளியே படகோட்டி பஸ்தியான் சிலிண்டர்களை ஏற்றிவிட்டு, "நானா, கடல் நல்லாக் கிடக்கு, வாங்க!" என்று கத்தினான். இனாஸின் கால்கள் தாமாகவே வாசல் பக்கம் திரும்பின.

மர்ஷூதா தடுக்கவில்லை. தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் போர்வையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

"மீன்ட காத்த ஊசியால எடுத்துட்டீங்க," என்றாள். "ஒங்கட காத்த ஆரு எடுக்கிற?"

"ஹலோ, நானா? ஜோடி?" என்றது போன்.

"ஜோடி இல்ல," என்றான் இனாஸ். "ஒண்டுதான்."

பஸ்தியான் இன்னொரு தரம் கத்தினான். தொட்டிக்குப் பக்கத்தில் மர்ஷூதா தீனி போடும்போது உட்காருகிற பிளாஸ்டிக் கதிரை கிடந்தது. இனாஸ் அதில் உட்கார்ந்தான். கால்கள் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தன.