பாரத்தோடு வரச் சொன்னார்

ஜீப்பின் பின் ஸ்பிரிங் தகடுகள் தளர்ந்து, அவற்றில் ஒன்று வெடித்தும் போனபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு களைப்பு. கிளினிக், மருந்துக்கடை, வீடு, மறுபடி கிளினிக் என்றே அந்த வருடம் போய்க்கொண்டிருந்தது. இதற்குள் இது வேறு.

கொழும்புத்துறைக் கரையில் சேற்றுக்குள் இறங்கி வள்ளத்தை இழுக்கவென்று வாங்கிய ஜீப் அது. மனைவிக்கு வருத்தம் வந்த பிறகு நான் கடலுக்குப் போவது குறைந்து, பிறகு நின்றே போனது. பின் இருக்கையில் தலையணை வைத்து அவளைச் சாய்த்துக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போவேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு முனகல் கேட்கும். வீதியில் எந்தப் பள்ளம் எங்கே என்று எனக்கு மனப்பாடம்.

இணுவிலில் ஒருவர் ஸ்பிரிங் மாற்றிக் கொடுப்பார் என்றார்கள். அவர் வெறும் வண்டியைப் பார்த்துத் தகடு தரமாட்டாராம்.

“வழமையா ஏத்திற பாரத்தோடை கொண்டு வாங்கோ அண்ணை. அதைப் பாத்துத்தான் சொல்லுவன்,” என்றார் போனில்.

கிளினிக் நாளிலேயே அதையும் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இன்னொரு நாள் அலைய உடம்பில் தெம்பில்லை. காலையில் வலை, வள்ளத்து எஞ்சின், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் பின்னால் ஏற்றி, அவளை முன் இருக்கையில் இருத்தினேன். “உதெல்லாம் இப்ப என்னத்துக்கு?” என்றாள். “ஸ்பிரிங்குக்கு,” என்றேன்.

கிளினிக் முடிந்த கையோடு இணுவிலுக்கு விட்டேன். அவர் குந்தியிருந்து ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் கையை நுழைத்துப் பார்த்தார். பாரத்தில் வண்டி அமுங்கி, விரல்கள்தான் போயின. “தடிச்ச தகடுதான் போட வேணும். வெறுமனே ஓடேக்கை நல்லா உலுப்பும், சொல்லிப்போட்டன்,” என்றார்.

உலுப்பினால் யாருக்கு நோகும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் தலையாட்டினேன். மெல்லிய தகடு போட்டால் இனிக் கடல் இல்லை என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதற்கு மனம் வரவில்லை.

முன் இருக்கையிலிருந்து அவள் கூப்பிட்டாள். “இஞ்சாருங்கோ, உந்த வலை கடைசியா எப்ப நனைஞ்சது?”

நான் வலையைத் திரும்பிப் பார்த்தேன்.

“கிழமைக்குக் கிழமை நீங்கள் ஏத்திக்கொண்டு திரியிறது என்னைத்தானே? என்னை ஏத்தி அளக்கச் சொல்லுங்கோ. வலை முனகாது, நான்தான் முனகிறது.”

அடுத்த ஆளுக்கு முன்னால் இப்படிச் சொல்லிவிட்டாளே என்று எரிச்சலாக இருந்தது. இருந்தும் சாமான்களை இறக்கினேன். எஞ்சினை நிலத்தில் வைத்தபோது முதுகு விண்ணென்றது. பிறகு பின் இருக்கையில் தலையணையைப் போட்டேன். அவள் என் தோளைப் பிடித்து ஏறி, சத்தமில்லாமல் இருந்தாள்.

அவர் மற்றப் பக்கச் சில்லோடு குந்தியபடி கையை இடுக்கில் வைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவரால் எங்களைப் பார்க்க முடியாது. இடுக்குக் குறுகுமென்று பார்த்திருந்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

“சரி அண்ணை, அக்காவை ஏறச் சொல்லுங்கோவன்.”

அவள் என்னைப் பார்த்தாள். அவள் மெலிந்து போவதை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இவ்வளவு என்று தெரியவில்லை.

“அவ ஏறி இருந்திட்டா தம்பி,” என்றேன். “மெல்லிய தகட்டையே போடும்.”