பாலகுரு மாற்றாத வானம்

காரைக்காலில் பாலகுருவின் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது பின்னணியைத்தான். கடற்கரையில் எடுத்த ஜோடியை அவர் பனிமலையில் நிறுத்துவார். பக்கத்துப் பூவம் கிராமத்து வரப்பில் எடுத்த ஜோடிக்குப் பின்னால், வட துருவ நாடுகளின் இரவு வானத்தில் தெரியும் பச்சை நிறத் துருவ ஒளியை ஓட விடுவார். இணையத்தில் இறக்கிய அந்தப் பச்சை வானம் மாவட்டத்தின் பாதிக் கல்யாண ஆல்பங்களில் இருக்கிறது. ‘வானம் மாத்துற பாலகுரு’ என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்கே கடை தெரியும். அந்தப் பெயரை அவர் வெறுத்தார். எதையும் ஒட்டாமல் வெட்டாமல் தானே எடுத்தது என்று கடை முகப்பில் மாட்ட அவரிடம் ஒரு படம் இல்லை.

2024 மே மாதம் அது கிடைத்தது. அம்பகரத்தூர் விவசாயி சுவாமிநாதனின் மகள் கீர்த்திகாவுக்குப் பிரான்சில் மாப்பிள்ளை. கல்யாணமும் அங்கேயே. நம் ஊர் ஆல்பம்தான் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் பாலகுருவை வரவழைத்தார்கள். புறப்படும் நேரத்தில் சுவாமிநாதன் வரப்பில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அவர் மனைவி வடிவாம்பாள் மட்டும் மகளோடு விமானம் ஏறினார்.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை இரவு, மருதாணி வைத்து முடித்திருந்தபோது, யாரோ வெளியே வரச் சொல்லிக் கத்தினார்கள். சூரியனில் எழுந்த புயல் பூமியைத் தாக்கியதில், வடக்கே மட்டும் தெரியும் துருவ ஒளி அன்று பிரான்ஸ் வரை இறங்கியிருந்தது. கோதுமை வயலுக்கு மேல் வானம் ரோஸ் நிறத்தில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. பாலகுரு கேமராவோடு வயலுக்கு ஓடினார். அதை ஸ்டாண்டில் நிறுத்தி, ஜோடியை மூச்சுகூட விடாமல் நிற்கச் சொன்னார். மருதாணி கலையாதபடி கையை விரித்துக்கொண்டு நின்றாள் கீர்த்திகா. படம் விழுந்தது. அதில் அவர் தொட வேண்டியது எதுவும் இல்லை.

வடிவாம்பாள் ஊருக்கு வீடியோ கால் போட்டு, போனை வானத்தை நோக்கிப் பிடித்தார். கால் வலியில் தூங்காமல் கிடந்த சுவாமிநாதன் உற்றுப் பார்த்துவிட்டு, இருட்டுதான் தெரிகிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தது பிரான்சிலேயே இருக்கும் சித்தப்பா.

ஜூலையில் அம்பகரத்தூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் வரவேற்பு வைத்தார்கள். அதற்கு முன் சுவாமிநாதன் கடைக்கு வந்தார். வாசலில் வைக்க அந்த ரோஸ் படத்தைப் பெரிதாகக் கேட்டார். பாலகுரு மகிழ்ந்துபோனார். அடுத்ததைச் சொல்லும்வரைதான்.

“என்னையும் பக்கத்துல நிக்க வச்சிருங்க தம்பி.”

வர முடியாதவரை ஒட்டிச் சேர்ப்பது இந்த ஊர் ஆல்பங்களில் வழக்கம். துபாய் அண்ணன், செத்துப்போன தாத்தா என்று பாலகுரு சேர்த்தவர்கள் ஏராளம். இந்தப் படத்தில் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினார். வேறு எந்தப் படத்திலும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்.

“பெத்தவன் நான். கையப் புடிச்சுக் குடுத்தது என் தம்பி. ஒரு படத்துலயாவது நான் அங்க இருந்துக்கறேனே.”

பாலகுரு அவரை நாற்காலியைப் பிடித்து நிற்க வைத்தார். அந்த வானத்தின் நிறம் முகத்தில் விழும்படி விளக்கில் ரோஸ் ஜெலட்டின் தாளைக் கட்டிப் படமெடுத்தார். ஒட்டியது யாருக்கும் தெரியாதபடி வேலை முடிந்தது.

மண்டப வாசலில் கூட்டம் நின்று பார்த்தது. வெளியூர் உறவினர் ஒருவர் சுவாமிநாதனிடம் பிரான்சில் குளிர் எப்படி என்று கேட்டார். தாங்கிக்கலாம் என்றார் அவர். உள்ளூர்க்காரர்களுக்கு விஷயம் தெரியும். ஆனால் பெண்ணைப் பெற்றவரைச் சபையில் யார் மடக்குவார்கள்?

வானத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சுவாமிநாதனின் மைத்துனர் கருப்பையன் ஆரம்பித்தார்.

“ஏன்யா, பச்சை தீந்துபோச்சா? ரோஸ் பவுடர அடிச்சு விட்டிருக்கே.”

சிரிப்பு எழுந்தது. உண்மையான வானம் என்றார் பாலகுரு. துருவ ஒளி பச்சையாகத்தான் இருக்கும், நீயே என் மகன் ஆல்பத்தில் போட்டாயே என்றார் கருப்பையன். அந்த வானத்தைப் பார்த்த கீர்த்திகாவும் மாப்பிள்ளையும் மேடையில், பரிசு கொடுக்கும் வரிசைக்கு நடுவில் இருந்தார்கள்; வடிவாம்பாள் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தார். பாலகுருவின் போனில் மூலப் படம் இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் போதும். ஆனால் அதில் சுவாமிநாதன் இல்லை. போன் பையிலேயே இருந்தது.

“ஐயா, நீங்களாவது சொல்லுங்க” என்றார்.

சுவாமிநாதன் படத்தையும் கூட்டத்தையும் பார்த்தார். பிறகு பாலகுருவின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

“நான் நின்னப்ப வெறும் இருட்டாத்தாங்க இருந்துச்சு. இதெல்லாம் தம்பி கைவண்ணம்.”

பாராட்டாகத்தான் சொன்னார். கூட்டம் கை தட்டியது.

மறுநாள் பூவத்திலிருந்து ஒரு ஜோடி கடைக்கு வந்தது. மண்டபத்தில் பார்த்த அந்த ரோஸ் வானம் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். பாலகுரு மூலப் படத்தைத் திறந்தார். கீர்த்திகாவையும் மாப்பிள்ளையையும் வெட்டி எடுத்துவிட்டு, இவர்களை எந்தப் பக்கம் நிறுத்தலாம் என்று கேட்டார்.